வட்டம் யாருடைய சொல்?

கேள்வி:

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் வட்டம் பற்றிய பாடம் தொடங்கிய அன்று ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், வட்டம் தமிழ்ச் சொல்லா?" என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் தமிழாசிரியர் ஐயா, "வள் என்ற வேரில் பிறந்த தூய தமிழ்" என்கிறார். நூலகத்தில் உள்ள பெரிய அகராதியோ வடமொழி "விருத்த" என்பதிலிருந்து வந்தது என்கிறது. எது சரி? இரவல் சொல் என்றால், அதற்கு முன்பு நம்மிடம் வட்டத்துக்குப் பெயரே இல்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது? தாலுகாவை ஏன் வட்டம் என்கிறோம்? இன்னொன்று, பிள்ளைகள் உருளையையும் உருண்டையையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். அதற்கும் ஒரு வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகராதி வேலையில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி எட்டாம் வகுப்பிலிருந்து வருவது பெரிய மகிழ்ச்சி. அந்த மாணவியிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

முதலில் என் முடிவு. "வட்டம்" வடக்கே மக்கள் பேசிய பிராகிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த மிகப் பழைய சொல் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் உங்கள் தமிழாசிரியர் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர் பக்கம் நல்ல இலக்கணம் இருக்கிறது. இரண்டையும் வகுப்பில் எடுத்துச் சொல்லும்படி விளக்குகிறேன்.

நீங்கள் பார்த்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனாக இருக்கும். 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்த அகராதி அது. அதில் காட்டப்படும் வடசொல்லுக்கு அடி "வ்ருத்" என்னும் வினை. சுழல், திரும்பு என்று பொருள். சுழன்று வந்த வடிவம் "விருத்தம்". இந்த வினை இந்தியாவில் மட்டும் வழங்குவது அல்ல. லத்தீனில் "வெர்த்தெரே" என்றால் திருப்புதல். நாம் வண்டியில் போடும் "ரிவர்ஸ்" அதன் வழி வந்ததுதான். ஆங்கிலத்தில் செய்யுளைக் குறிக்கும் "வெர்ஸ்" என்ற சொல்லும் அதே குடும்பம். ஓர் அடி முடிந்து அடுத்த அடிக்குத் திரும்புவது என்ற எண்ணத்தில் பிறந்தது.

நம்மிடமும் செய்யுளுக்கு "விருத்தம்" இருக்கிறது. கம்பன் கையாண்ட விருத்தம் இந்த விருத்தம்தான். நடந்த செய்தியைச் சொல்லும் "விருத்தாந்தம்" என்பதும் அதன் உறவே. (விருத்தாசலத்தை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அங்கே உள்ளது முதுமை என்னும் பொருள் கொண்ட வேறு சொல். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரை அப்படியே வடமொழியில் திருப்பியிருக்கிறார்கள்.)

சரி, "விருத்த" எப்படி "வட்ட" ஆகும்? பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். இந்த மாற்றம் நடந்தது வடக்கே, பேச்சு வழக்கில். வடமொழி எழுத்துமொழியாகப் போற்றப்பட்ட காலத்திலேயே மக்கள் பேசியவை பிராகிருத மொழிகள். அவற்றில் இந்த "ரு" என்ற உயிரொலி தேய்ந்து அகரமாகவோ இகரமாகவோ ஆகிவிடும். பின்னால் வரும் தகரம் பல சொற்களில் நாக்கை மடித்துச் சொல்லும் டகரமாகும். மண்ணுக்கு வடமொழியில் "மிருத்திகா", இன்றைய இந்தியில் "மிட்டி". இதே பாதையில் "விருத்த" என்பது "வட்ட" ஆயிற்று. பௌத்த நூல்களின் மொழியான பாலியிலும் "வட்ட" என்றே இருக்கிறது.

எனக்கு இதை உறுதிப்படுத்துவது இன்னொரு சோடி. நாட்டியத்துக்கு வடமொழியில் "நிருத்தம்" என்று ஒரு சொல் உண்டு. அதன் பிராகிருத வடிவம் "நட்ட". தமிழில் இரண்டும் இருக்கின்றன. நூல் வழியாக வந்தது நிருத்தம், வாய் வழியாக வந்தது நட்டம். தில்லைக் கூத்தன் ஆடுவது நட்டம், ஆட்டம் பழக்குபவர் நட்டுவனார். விருத்தம், வட்டம் என்ற சோடியையும் இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒலிமாற்றம் இரண்டிலும் ஒன்றே. ஒரே சொல் இரண்டு வாசல் வழியாக இரண்டு வேறு காலங்களில் உள்ளே வந்து, இரண்டு வேறு பொருளோடு தங்கிவிட்டது. வட்டம் வரைகிறவர் யாருக்கும் விருத்தம் நினைவுக்கு வராது, விருத்தம் பாடுகிறவருக்கும் வட்டம் நினைவுக்கு வராது.

பிராகிருதம் தெற்கே வந்ததற்குக் கல்லிலேயே சான்று உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகைக் கல்வெட்டு தமிழ்பிராமி எழுத்தில் உள்ளவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. சமண முனிவருக்குக் கொடுத்த கொடையைச் சொல்லும்போது அதில் "தம்மம்" என்ற சொல் வருகிறது. தர்மம் என்பதன் பிராகிருத உருவம் அது. சாதவாகன அரசர்கள் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழும் பொறித்து நாணயம் அடித்திருக்கிறார்கள். வணிகக் கூட்டத்தைக் குறித்த "சாத்து", செங்கல்லைக் குறித்த "இட்டிகை", அரசன் பிறப்பிக்கும் "ஆணை" எல்லாம் அந்த வழியில் வந்தவை. துறவிகளும் வணிகர்களும் நடந்த அதே பாதைகளில் "வட்டம்" வந்தது என்றால் அதில் வியப்பு இல்லை.

இப்போது உங்கள் தமிழாசிரியரின் பக்கம். இந்தக் கருத்தைப் பெரிய அளவில் வளர்த்தவர் தேவநேயப் பாவாணர். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு 1974-இல் முதல் இயக்குநரானவர். வளைதலைக் குறிக்கும் "வள்" என்பதை வேராகக் கொண்டால் வளை, வளையம், வளைவு, வளாகம் என்று வரிசையாக நிற்கும். அதிலிருந்து வட்டு, வட்டம் என்பது அவர் வழி. இந்த ஒலிமாற்றம் தமிழில் முழுக்க முழுக்க இயல்பானது. உருள் - உருட்டு, சுருள் - சுருட்டு, திரள் - திரட்டு, மருள் - மருட்டு என்று எத்தனை வேண்டுமானாலும் காட்டலாம். எனவே வள் - வட்டு என்று சொல்கிறவரைப் பார்த்து, "ஒலி பொருந்தவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

நான் தயங்கும் இடம் வேறு. உருள், சுருள், திரள் எல்லாம் இன்றும் உயிரோடு இருக்கும் வினைகள். "கல் உருள்கிறது, அவன் உருட்டுகிறான்" என்று இரண்டு பக்கமும் பேசலாம். "வள்" அப்படி வளைதல் பொருளில் தனி வினையாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பது "வளை". அதிலிருந்து வளைத்தான், வளைந்தான், வளைவு என்று போகலாம், வட்டு என்று போக முடியாது. ஆக, இந்த வழிக்கு வழக்கொழிந்த ஒரு வினையை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மறுபக்கம் பிராகிருத "வட்ட" ஒலியிலும் பொருளிலும் அப்படியே வந்து பொருந்துகிறது. எதையும் ஊகிக்க வேண்டாம். அகராதிக்காரர்கள் இப்படிப்பட்ட இடத்தில் ஊகம் குறைந்த பக்கமே சாய்வார்கள். நானும் சாய்கிறேன்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். வடமொழி "விருத்த" என்பதே தமிழ் "வட்டம்" போய் உருமாறியது என்று சிலர் எழுதுவார்கள். அது நிற்காது. மேலே சொன்னபடி, அந்த வினைக்கு லத்தீன் வரை உறவு இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்ல வேண்டாம்.

அடுத்து, பிள்ளைகள் கேட்கப்போகும் பெரிய கேள்வி. வட்டம் இரவல் என்றால் அதற்கு முன் நமக்குப் பெயர் இல்லையா? நிறைய இருந்தது, இன்றும் இருக்கிறது. சக்கரத்துக்கு "ஆழி". கன்றை இழந்த பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைக் கண்ணகி எப்படிச் சொல்கிறாள்? "அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்" என்கிறாள். மோதிரத்துக்கும் ஆழி என்றே பெயர். சிலப்பதிகாரத்தின் தொடக்க வாழ்த்தில் சோழனின் ஆணைச் சக்கரம் "திகிரி". கையில் போடுவது "வளை". கன்னடத்தில் "பளெ", மலையாளத்தில் "வள". "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து" என்று 667-ஆம் குறள் சொல்லும்போது உருளுதல் என்ற வினை எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள். "குண்டு" நமக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் பொது. தெலுங்கில் உருண்டையானதை "குண்ட்ரம்" என்பார்கள். இவ்வளவு இருக்கும்போதும் ஒரு மொழி புதிய சொல்லை ஏற்றுக்கொள்கிறது. இல்லாமையால் மட்டும் இரவல் வாங்குவதில்லை. பழகிய மனிதர்கள் வாயில் வந்த சொல் நாக்குக்கு எளிதாக இருந்தாலே போதும்.

சங்க இலக்கியத்திலேயே வட்டம் குடியேறிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது. வாடைக்காலம், ஊரே குளிரில் ஒடுங்கிக் கிடக்கிறது. கோடையில் வேண்டியிருந்த பொருள்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதில் ஓரடி, "வடவர் தந்த வான்கேழ் வட்டம்". வடநாட்டார் கொடுத்த வெள்ளை நிற வட்டக்கல், சந்தனம் அரைப்பதற்கானது. அடுத்த அடியில் தென்திசைச் சந்தனம் வருகிறது. குளிரில் சந்தனம் பூசுவார் யார்? கல்லும் சாந்தும் சேர்ந்தே கிடக்கின்றன. சில அடிகள் தள்ளி இன்னொரு வட்டம், "செங்கேழ் வட்டம் சுருக்கி" என்று. இது விசிறி. கைதேர்ந்த கம்மியன் அழகாகச் செய்த சிவந்த வட்ட விசிறியைச் சுருக்கி முளைக்குச்சியில் தொங்கவிட்டிருக்கிறார்கள், சிலந்தி அதில் நூல் கட்டுகிறது. ஒரே பாட்டில், சில அடிகளுக்குள், வடிவத்தின் பெயரே இரண்டு வேறு பொருள்களுக்குப் பெயராக நிற்கிறது. அன்று வந்து இறங்கிய சொல்லை ஒரு புலவர் இப்படிக் கையாள மாட்டார். அதற்குள் அது வீட்டுச் சொல் ஆகியிருக்க வேண்டும். வடவர் தந்த கல்லின் பெயர் வட்டம் என்பதைச் சொற்பிறப்புக்குச் சான்றாக நான் காட்டவில்லை. ஆனால் அந்த அடியைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

"வட்டு" என்பதும் பழசு. "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்பது 401-ஆம் குறள். கட்டம் கீறாமல் காய் உருட்டி விளையாடியது போல, படிக்காமல் சபையில் பேசுவது. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் வட்டு எறிதல் இருக்குமே, அதில் அந்தப் பழைய சொல்தான் பறக்கிறது. தென் மாவட்டங்களில் கருப்பட்டியையும் வட்டு என்று எண்ணுவார்கள். ஆனால் "வட்டி" வந்தால் நின்று பாருங்கள். சங்கப் பாட்டில் வட்டி என்றால் ஓலையில் முடைந்த பெட்டி. கடனுக்குக் கட்டும் வட்டியோ வளர்ச்சியைக் குறிக்கும் "விருத்தி" என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஒரே ஒலி இருப்பதால் ஒரே வேர் என்று ஓடிவிடக் கூடாது என்பதற்கு இதை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பழைய தமிழ்க் கணக்கு நூல்களில் "வட்டம்" என்பது எப்போதும் நாம் நினைக்கும் பொருளில் வராது. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் உள்ள சூத்திரம் இது:

"வட்டத் தரைகொண்டு விட்டத் தரைதாக்கச்
சட்டெனத் தோன்றும் குழி."

தாக்குதல் என்றால் பெருக்குதல், குழி என்றால் பரப்பு. வட்டத்தில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு வந்துவிடும் என்கிறது. வட்டத்தில் பாதி என்பதை அரைவட்டம் என்று எடுத்துக்கொண்டால் ஒன்றும் புரியாது. இங்கே வட்டம் என்பது சுற்றளவு. விட்டம் 14 என்று வையுங்கள், சுற்றளவு 44. பாதி 22, அதுவும் 7-உம் பெருக்கினால் 154. உங்கள் பாடநூலின் சூத்திரத்தில் ஆரம் 7 என்று போட்டாலும் அதே 154 வரும். பை (π) என்ற பெயரே சொல்லாமல் இரண்டு அடியில் முடித்துவிட்டார்கள். சுற்றிவரும் கோட்டுக்கும் கோட்டுக்குள் அடங்கிய இடத்துக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள் என்பதை இதை வைத்து விளக்கலாம். "வட்டம் என்பது கோடா, பரப்பா?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சுவையான வகுப்பாக இருக்கும்.

வட்டத்தின் உறுப்புப் பெயர்களில் சில மரத்தச்சர் பட்டறைக்குப் பக்கத்தில் நிற்பவை. மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவில் இருப்பது குடம், அதிலிருந்து வெளியே போவது ஆரக்கால், ஆரக்கால்கள் போய்ச் செருகும் வளைந்த மரத்துண்டு வட்டை, அதற்கு மேல் இரும்புப் பட்டா. ஆரக்காலைப் பார்த்த பிள்ளைக்கு ஆரம் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஒரு சக்கரத்தின் ஆரக்கால்கள் எல்லாம் ஏன் ஒரே நீளம் என்று கேட்டால் அதிலேயே வட்டத்தின் இலக்கணம் வந்துவிடும். நாணும் வில்லும் கேட்கவே வேண்டாம், சுற்றின் ஒரு பகுதி வில்லாக வளைந்திருக்க, இரு முனையையும் இழுத்துக் கட்டியது நாண். ஊரில் யார் வீட்டிலாவது பழைய வண்டிச் சக்கரம் கிடந்தால் வகுப்பை அங்கே அழைத்துப் போங்கள்.

தாலுகா விஷயம் சுருக்கமானது. தாலுகா, ஜில்லா இரண்டும் அரபுச் சொற்கள், நவாபுகளின் ஆட்சி வழியாக வருவாய்த் துறைக்கு வந்தவை. அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடியபோது வட்டம் என்றும், அதில் பெரியது மாவட்டம் என்றும், தாலுகாவின் உட்பிரிவான பிர்க்காவுக்குக் குறுவட்டம் என்றும் வைத்தார்கள். தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். வட்டத்தை நிலப்பகுதிக்கு ஆள்வது அப்போது முளைத்த வழக்கம் இல்லை. மண்டலம் என்றாலும் வட்டம்தான். தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்று நிலத்துக்கு அந்தப் பெயரை நெடுங்காலமாக வைத்திருக்கிறோம். சோழ மண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆகி, இன்று ஒரு ரயிலின் பெயராகவும் ஓடுகிறது. வட்டாரம் என்று நாம் பேச்சில் சொல்வதும் இந்த வகைதான். நிலத்தின் எல்லை வட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஊரை நடுவில் வைத்து அதைச் சுற்றியுள்ளவை என்பதுதான் எண்ணம்.

கடைசியாக உருளையும் உருண்டையும். பிள்ளைகள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. உருளைக்கிழங்கு என்று தினமும் சொல்கிறோம், அது பாடநூலில் வரும் உருளை மாதிரியா இருக்கிறது? இரண்டுமே "உருள்" என்ற ஒரே வினையில் பிறந்தவை. உருளக்கூடிய எதுவும் உருளை. பழந்தமிழில் தேரின் சக்கரத்தையும் உருளை என்றிருக்கிறார்கள். இருபுறமும் தட்டையாக, நடுவில் உருண்டு, குழாய்போல் நீண்ட வடிவத்துக்கு மட்டும் அந்தப் பெயரைப் பாடநூல்தான் ஒதுக்கி வைத்தது. கோளம் என்பது வடமொழி "கோல" என்பதிலிருந்து வந்தது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி திரண்ட வடிவத்துக்கு. வீட்டில் நாம் உருண்டை என்று சொல்வது அதைத்தான்.

இதற்கு நான் சொல்லக்கூடிய வழி ஒன்று. ஒரு மேசையை லேசாகச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு டப்பாவையும் ஒரு பந்தையும் கொடுங்கள். டப்பாவைப் படுக்க வைத்தால் ஒரே திசையில்தான் உருளும், நிற்க வைத்தால் உருளவே செய்யாது. பந்து எப்படி வைத்தாலும், எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும். ஒரு திசையில் மட்டும் உருள்வது உருளை, எல்லாத் திசையிலும் உருள்வது உருண்டை என்று அவர்களையே சொல்ல வையுங்கள். பாடநூல் தேர்வுக்குக் கேட்பது கோளம் என்ற சொல்லை என்பதால், பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே உருண்டை, கோளம் இரண்டையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.